நான் படிக்காமல் விட்ட வரி

பவித்ரா,

நீ மாடியில் துணி அடுக்கிக்கொண்டிருக்கிறாய். பெட்டியை இழுக்கும் சத்தம் கீழே என் மைக் செட் கடை வரைக்கும் கேட்கிறது. ஒரே வீட்டில் இருந்துகொண்டு கடிதம் எழுதுகிறவன் பைத்தியக்காரன் என்று தோன்றலாம். முப்பது வருடமாக மைக்கில் பேசியே பிழைத்தவன் நான். ஆடிக் கிருத்திகைக்கு மலையடிவாரத்தில் லட்சம் பேர் நெரிசலில், காணாமல்போன பிள்ளைகளின் பெயரைத் தமிழிலும் தெலுங்கிலும் மாறி மாறிச் சொல்லித் தாய் தகப்பனிடம் சேர்த்தவன். உன் எதிரில் நின்று சொல்ல வேண்டிய நாலு வார்த்தை மட்டும் இரண்டு வருடமாக வாயில் வரவில்லை. அதனால் எழுதுகிறேன். இது உனக்கு எழுதியது. ஆனால் யார் வேண்டுமானாலும் படிக்கலாம். படிக்க வேண்டும் என்றுதான் எழுதுகிறேன்.

போன புதன்கிழமை கோயம்புத்தூர் ஆஸ்பத்திரியிலிருந்து உனக்குப் போன் வந்தபோது நான் படிக்கட்டில் நின்றிருந்தேன். ஒட்டுக்கேட்கவில்லை, ஒயர் சுருளை எடுக்க வந்தேன். "ஆமா மேடம், அந்த அறிவிப்புக்கு நான்தான் பொறுப்பு. நான் இன்னும் ஜாக்கிரதையா இருந்திருக்கணும்" என்று நீ சொன்னது காதில் விழுந்தது. அன்று மாலை உன் அம்மாவிடம் நீ சொன்னதையும் கேட்டேன். வேலை கிடைத்துவிட்டது, ஆனால் முதல் ஒரு வருடம் வெளியே கூட்டங்களில் பேசவோ முகாம் நடத்தவோ விடமாட்டார்களாம். இங்கே நடந்ததை நம்மூர் டாக்டர் அவர்களுக்கு எழுதியிருக்கிறாராம். நீ அதைச் சாதாரணமாகச் சொல்லிவிட்டு ரசத்தை ஊற்றிக்கொண்டாய். நான் தட்டோடு எழுந்துவிட்டேன்.

முதலிலிருந்து சொல்கிறேன். இசைச் சிகிச்சை படிக்கப் போகிறேன் என்று நீ வந்து நின்ற அன்று நான் சிரித்தேன். "பாட்டு பாடி வைத்தியமா? அதுக்கு ஒரு படிப்பா? பி.எட். படி, வாத்தியார் வேலைக்குப் போ" என்றேன். நீ சென்னைக்குப் போய், பகுதி நேர வேலை பார்த்துக்கொண்டே படித்து முடித்தாய். திரும்பி வந்து, பைபாஸ் பக்கத்தில் இருக்கும் அந்த பிசியோதெரபி கிளினிக்கில் ஒரு சின்ன அறையில் வேலைக்குச் சேர்ந்தாய். யாராவது என்னிடம், "உம் பொண்ணு இன்னா பண்ணிகினு இருக்குது?" என்று கேட்டால், "கிளினிக்ல இருக்குது" என்பேன். அதற்கு மேல் சொல்லக் கூச்சப்பட்டேன். என் மகளின் வேலைக்கு நான் கூச்சப்பட்டேன் என்பதையும் இங்கே எழுதி வைக்கிறேன்.

என் எண்ணத்தை மாற்றியவர் நகரியிலிருந்து வந்த அந்த ரிட்டயர்டு வாத்தியார். உனக்கு ஞாபகம் இருக்கும். நடுக்குவாதம். தட்டுத் தடுமாறி வாசல் வரைக்கும் வருவார். நிலைப்படியைக் கண்டதும் கால் தரையில் ஒட்டிக்கொள்ளும். நீ மறந்துபோன சாப்பாட்டு கேரியரைக் கொடுக்க நான் வந்த நாளில், அவர் அப்படித்தான் நின்றிருந்தார். பின்னால் அவர் சம்சாரம் முந்தானையைப் பிடித்துக்கொண்டு நின்றது. நீ அவரைப் பிடித்து இழுக்கவில்லை. மேஜை மேல் உள்ளங்கையால் ஒரே சீராகத் தட்ட ஆரம்பித்தாய். அவர் சின்ன வயதில் கேட்ட ஏதோ ஒரு தெலுங்கு மெட்டை மெல்ல முனகினாய். கொஞ்ச நேரம் ஒன்றும் நடக்கவில்லை. பிறகு அவர் தலை அசைந்தது, தோள் அசைந்தது, அடுத்த தட்டுக்குக் கால் எழுந்தது. நிலைப்படியைத் தாண்டி அறையின் மறுகோடி வரைக்கும் நடந்து போனார். அந்த அம்மா வாயைப் பொத்திக்கொண்டது. நான் கேரியரைக் கீழே வைத்துவிட்டு வெளியே வந்து, வேப்பமரத்தடியில் நின்று அழுதேன்.

அன்று வண்டியில் வீட்டுக்கு வரும்போது நீ பொறுமையாகச் சொன்னாய். "அவருக்கு வியாதி போயிடல, நைனா. காலு எப்ப எழும்பணும்னு அந்தத் தாளம் சொல்லிச்சு, அவ்ளோதான். மாத்திரைய நேரத்துக்குப் போட்டதாலதான் அதுவும் முடிஞ்சுது. எல்லாருக்கும் ஆகாது. மனுஷன முழுசாப் பாக்கணும். அவர் தூங்கறாரா, சாப்புடறாரா, வீட்ல யாரு பாத்துக்கறாங்க, அவங்க மனசு எப்படி இருக்குது, எல்லாம் சேந்ததுதான் இது. பாட்டு அதுல ஒண்ணு." வண்டிக் காற்றிலும் உன் பேச்சு முழுவதும் எனக்குக் கேட்டது. ஆனால் மனதில் வைத்துக்கொண்டது கால் எழுந்ததை மட்டும். அதற்குப் பிறகு டீக்கடையில், பஸ் ஸ்டாண்டில், கல்யாண வீடுகளில் ஆம்ப்ளிஃபையரை இறக்கும் இடத்திலெல்லாம் நான் சொன்ன கதையில், மாத்திரையும் இல்லை, தூக்கமும் இல்லை, வீட்டாரும் இல்லை. என் பொண்ணு தட்டினாள், நடக்காதவர் நடந்தார். அவ்வளவுதான்.

அப்புறம்தான் நீ முகாம் நடத்த ஆசைப்பட்டாய். பக்கவாதத்தில் பேச்சுப் போனவர்களுக்கும் அவர்களைப் பார்த்துக்கொள்கிறவர்களுக்கும் இப்படி ஒரு வழி இருக்கிறது என்பதே இந்தப் பக்கம் யாருக்கும் தெரியவில்லை, தெரிந்தால் சில பேராவது வீட்டு மூலையில் ஊமையாகக் கிடக்காமல் இருப்பார்கள் என்றாய். அரக்கோணம் ரோட்டில் இருக்கும் கல்யாண மண்டபத்தை உங்கள் கிளினிக் டாக்டர் ஏற்பாடு செய்தார். அறிவிப்பு என் பொறுப்பு. நீ ஒரு தாளில் எழுதிக் கொடுத்துவிட்டு மூன்று நாள் பயிற்சிக்குச் சென்னை போய்விட்டாய். அந்தத் தாளின் கடைசி வரிக்குக் கீழே இரண்டு கோடு போட்டிருந்தாய்: "இது மருந்துக்குத் துணை, மாற்று அல்ல. டாக்டர் கொடுத்த மாத்திரையை யாரும் நிறுத்தக் கூடாது."

எங்கள் தொழிலில் ஒன்று உண்டு. ஓடுகிற ஆட்டோவிலிருந்து பேசும்போது, வாசலில் நிற்கிறவன் காதில் பாதி வாக்கியம்தான் விழும். ஆட்டோ அடுத்த தெருவுக்குப் போய்விடும். விழுகிற அந்தப் பாதி ஆளை இழுக்க வேண்டும். "ஆனால்", "இருந்தாலும்" என்று இழுத்தால் கூட்டம் வராது. உன் தாளைப் படித்துப் பார்த்தேன். நோட்டீஸ் மாதிரி இல்லை, மருந்துச் சீட்டு மாதிரி இருந்தது. ரெக்கார்டு செய்யும்போது கடைசி வரியை விட்டுவிட்டேன். விட்டதோடு நிறுத்தியிருந்தாலும் பரவாயில்லை. "மாத்திரை இல்லை! ஊசி இல்லை! இசையாலே பேச்சு வரும்! இசையாலே கால் நடக்கும்!" என்று நானாகச் சேர்த்தேன். மூன்று நாள் அந்தக் குரல் கனகம்மாசத்திரம், திருவாலங்காடு, ஆர்.கே.பேட்டை என்று சுற்றியது. மண்டபம் நிரம்பியது. சென்னையிலிருந்து நேராக முகாமுக்கு வந்து இறங்கிய நீ கூட்டத்தைப் பார்த்துத் திகைத்து, "எப்படி நைனா?" என்று கேட்டாய். நான் மீசையைத் தடவிக்கொண்டேன்.

அந்தக் கூட்டத்தில்தான் முனிரத்தினம் இருந்தார். திருவாலங்காட்டுப் பக்கம் சொந்த நிலத்தில் கரும்பு வைத்தவர். ஒரு வருடம் முன்பு பக்கவாதம் வந்து வலது கை விழுந்து, பேச்சும் போயிருந்தது. மிச்சம் இருந்தது ஒரே ஒரு சொல். அவர் சம்சாரம் தனம்மா உன்னிடம் சொன்னது: "இவருக்கு எல்லாத்துக்கும் ஆங்தாம்மா. சோறு வேணுமான்னா ஆங். வேணாமான்னாலும் ஆங். தலவலியான்னா ஆங். நான் இன்னாத்தக் கண்டு புடிப்பேன்?" காவடிக்கு முன்னால் பாடிக்கொண்டு மலையேறுகிறவர் என்று கேட்டுத் தெரிந்துகொண்டு, நீ அவர் இடது கையைப் பிடித்து முழங்காலில் தட்டவைத்து, வார்த்தை இல்லாமல் ஒரு காவடி மெட்டை முனகினாய். அவரும் முனகினார். அதே மெட்டில் நீ "தனம்மா" என்று வைத்தாய். நாலைந்து முறை உதடு மட்டும் அசைந்தது. அப்புறம் அவர் பாடினார், "த... னம்... மா." ஒரு வருடத்துக்குப் பிறகு தன் பெயரைப் புருஷன் வாயால் கேட்ட அந்த அம்மா, அழவும் தெரியாமல் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தது. நீ மைக்கை வாங்கி, இது ஒரு ஆரம்பம்தான், மாதக்கணக்கில் பயிற்சி வேண்டும், மாத்திரையை நிறுத்தவே கூடாது என்று சொன்னாய். கைதட்டலிலும் நாற்காலி நகரும் சத்தத்திலும் அது அமுங்கிப்போனது. வால்யூமைத் திருகும் கை என்னுடையது. நானும் கைதட்டிக்கொண்டிருந்தேன்.

மூன்று வாரம் கழித்து, காலையில் டீ குடித்துக்கொண்டிருந்த முனிரத்தினம் அப்படியே சரிந்தார். இரண்டாவது பக்கவாதம். உயிர் தப்பியது, படுக்கையோடு படுக்கையாகிவிட்டார். முகாமிலிருந்து போன நாளிலேயே ரத்தக்கொதிப்பு மாத்திரையை நிறுத்தியிருந்தார்கள். தனம்மாவும் அதன் அண்ணனும் கிளினிக்குக்கு வந்தார்கள். விஷயம் கேள்விப்பட்டு நானும் ஓடி வந்தேன். அண்ணன்காரர் சத்தம் போட்டார். தனம்மா சத்தம் போடவில்லை. "ஆட்டோல மூணு நாளா சொல்லிகினே போனாங்களே, மாத்திரை இல்ல, ஊசி இல்லன்னு. அதக் கேட்டுத்தான் நிறுத்தனோம்" என்றது. அவர்களை வெளியே உட்காரவைத்துவிட்டு டாக்டர் என்னைத் திரும்பிப் பார்த்தார். "யார் எழுதினது அது?"

நான் சொன்ன பதிலை அப்படியே எழுதுகிறேன். "பொண்ணு எழுதிக் குடுத்ததத்தான் சார் நான் படிச்சேன்."

நீ என்னைப் பார்த்தாய். நீ எழுதியது என்ன என்று உனக்குத் தெரியும், எனக்கும் தெரியும். அந்த அறையில் வேறு யாருக்கும் தெரியாது. ஒரு மூச்சு விடுகிற நேரம்தான். பிறகு டாக்டர் பக்கம் திரும்பி, "என் தப்புதான் சார்" என்றாய். நான் வாயைத் திறக்கவில்லை. வீட்டுக்கு வந்ததும் உன் கையெழுத்தில் இருந்த அந்தத் தாளைத் தேடி எடுத்துக் கிழித்துப் போட்டேன். பொய் சொன்னது பயத்தில் என்று வைத்துக்கொள்ளலாம். தாளைக் கிழித்தது யோசித்துச் செய்தது.

உன் வேலை போனது. உன் அறைக்கு வெளியே இருந்த பலகையைக் கழற்றினார்கள். ஊரில் "பாட்டு வைத்தியம்" என்று கேலி பேசினார்கள். அதைவிட மோசமான ஒன்று நடந்தது. நகரி வாத்தியாரை அவர் வீட்டார் அழைத்து வருவதை நிறுத்திவிட்டார்கள். நீ வீடு தேடிப் போனபோதும் கதவருகே நிறுத்திப் பேசி அனுப்பினார்கள். ஒரு நல்ல விஷயத்தை நாலு பேருக்குத் தெரியப்படுத்துகிறேன் என்று கிளம்பி, ஏற்கெனவே தெரிந்தவர்களையும் பயந்து ஓட வைத்தேன். நீ மட்டும் ஞாயிற்றுக்கிழமை தவறாமல் முனிரத்தினம் வீட்டுக்குப் போனாய். முதல் இரண்டு மாதம் அந்த அண்ணன்காரர் உன்னை உள்ளே விடவில்லை. வாசலில் நின்றுவிட்டுத் திரும்பினாய். பிறகு தனம்மாவே கதவைத் திறந்தது. டாக்டர் சீட்டை வாங்கிப் பார்த்து, மாத்திரை வேளையைச் சுவரில் பெரிய எழுத்தில் எழுதி ஒட்டிவிட்டுத்தான் பாட்டையே ஆரம்பித்தாயாம். நான் உன்னை வண்டியில் கொண்டுபோய் விடுவேன். ரோட்டிலேயே நிற்பேன். இரண்டு வருடத்தில் ஒரு நாள்கூட அந்த வாசலை மிதிக்கவில்லை.

போன ஞாயிற்றுக்கிழமை நீ சென்னையில் சிநேகிதி கல்யாணத்துக்குப் போயிருந்தாய். காலையில் நான் தனியாகத் திருவாலங்காட்டுக்குப் போனேன். தனம்மா முறத்தில் கீரை ஆய்ந்துகொண்டிருந்தது. "பொண்ணு வரலையாண்ணா? உள்ள வாங்க" என்றது. கட்டிலில் அவர் சாய்ந்து படுத்திருந்தார். நான் நின்றபடியே சொன்னேன். அறிவிப்பில் வரியை வெட்டியது, மாத்திரை இல்லை என்று நானாகச் சேர்த்தது, டாக்டர் கேட்டபோது மகள் மேல் போட்டது, தாளைக் கிழித்தது, எல்லாவற்றையும் சொன்னேன். அந்த அம்மா என்னைத் திட்டும், முறத்தை வீசி எறியும் என்று எதிர்பார்த்தேன்.

அது கீரையைக் கீழே வைத்தது. "அப்ப ஆட்டோல நெசமாவே அப்படித்தான் சொன்னாங்களா?" என்று கேட்டது. எனக்குப் புரியவில்லை. "அன்னைக்குச் சத்தம் போட்ட எங்க அண்ணன்ல இருந்து எல்லாருமே, அந்தப் பொண்ணு மண்டபத்துல மாத்திரைய நிறுத்தாதன்னுதான் சொல்லிச்சாம், ஆட்டோலயும் யாரும் அப்படிச் சொல்லியிருக்க மாட்டாங்க, நீதான் காதுல சரியா வாங்கல, நீதான் உம் புருசன இப்படி ஆக்கிட்டன்னு சொல்லிச் சொல்லி, நானும் அப்படித்தாண்ணா நெனச்சிகினு கெடந்தேன். மாத்திர டப்பாவ எடுத்து மேல வச்சது என் கைதானே. ரெண்டு வருசமா இந்தக் கையாலதான் அவருக்குச் சோறு ஊட்டறேன். ஒவ்வொரு வாய்க்கும் அதேதான் நெனப்பு. நீங்க அன்னைக்கே ஒரு வார்த்த சொல்லியிருந்தா..." தன் வலது கையைத் திருப்பிப் பார்த்துக்கொண்டது.

பவித்ரா, என் பொய் உன் ஒருத்தி மேல்தான் விழுந்தது என்று இரண்டு வருடம் நினைத்திருந்தேன். என் மகள்தானே, தாங்கிக்கொள்வாள் என்று எனக்கு நானே சமாதானமும் சொல்லிக்கொண்டேன். நான் யோசித்தே பார்க்காத ஒரு பொம்பளை, என் பாவத்தைத் தன் பாவம் என்று நினைத்து இரண்டு வருடம் வெந்திருக்கிறது.

முனிரத்தினம் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தார். பேச்சு போனாலும் புரிதல் போகவில்லை, அவர் எதிரில் பார்த்துப் பேசுங்கள் என்று நீ எல்லோரிடமும் சொல்வாயே, அது உண்மை. அவர் கண் என்னை விட்டு அகலவில்லை. இடது கை மெல்ல எழுந்து கட்டில் சட்டத்தில் தட்டியது. ஒரு தட்டு, இரண்டு தட்டு. நீ சொல்லிக்கொடுத்த தாளம். உதடு கூடியது. அந்தக் காவடி மெட்டில், தெளிவாக, "போ" என்றார். இன்னொரு முறை தட்டினார். "போ."

அது ஆங் இல்லை. வேண்டும் என்பதற்கும் வேண்டாம் என்பதற்கும் ஒரே சொல்லை வைத்துக்கொண்டிருந்த மனுஷன், தன் வீட்டில் நிற்கக் கூடாத ஒருவனிடம் தான் சொல்ல நினைத்ததைச் சொன்னார். மன்னித்தார் என்று நான் உனக்கு எழுத மாட்டேன். மன்னிக்கவில்லை. ஆனால் இரண்டு பக்கவாதத்துக்குப் பிறகு ஒரு மனிதன் கோபத்தைச் சொல்ல முடிகிறது என்றால், நீ வாசலில் நின்ற இரண்டு மாதமும் உள்ளே உட்கார்ந்த அத்தனை ஞாயிற்றுக்கிழமையும் வீண் இல்லை. நான் வெளியே வந்தேன்.

அங்கிருந்து நேராக டாக்டர் வீட்டுக்குப் போனேன். முழுவதையும் கேட்டுவிட்டு அவர் என்னை உட்காரச் சொல்லவில்லை. "எழுதிக் கொடுங்க" என்றார். எழுதிக் கொடுத்தேன். அதன் நகலைக் கோயம்புத்தூருக்குப் பதிவுத் தபாலில் அனுப்பியாகிவிட்டது. உன்னைக் கேட்காமல் அனுப்பினேன். கேட்டால் நீ வேண்டாம் என்பாய். தனம்மாவின் அண்ணனிடமும் போய், உங்கள் தங்கச்சி காதில் வாங்கியது சரிதான், தப்பு என் வாயில் என்று அவர் தெருவிலேயே நின்று சொல்லிவிட்டு வந்தேன். அவர் கையை ஓங்கினார். பக்கத்தில் இருந்தவர்கள் பிடித்துக்கொண்டார்கள். பிடிக்காமல் இருந்திருந்தாலும் நான் நகர்ந்திருக்க மாட்டேன்.

தகப்பன் என்ற முறையில் உனக்குப் புத்தி சொல்லும் தகுதி எனக்கு இல்லை. மைக் செட்டுக்காரன் என்ற முறையில் ஒன்று சொல்கிறேன். இந்தச் சிகிச்சையைப் பற்றி நீ பேசத்தான் வேண்டும். பேசாமல் இருந்தால் எத்தனையோ முனிரத்தினங்கள் ஆங் என்ற ஒரு சொல்லோடு கிடப்பார்கள். ஆனால் கூட்டம் கைதட்டும் இடத்தில் நிறுத்திவிடாதே. கைதட்டல் அடங்கட்டும். அது அடங்கிய பிறகு சொல்வதுதான் வீட்டுக்குப் போகும். எல்லோருக்கும் ஆகாது என்பதை முதலில் சொல், அதனால் பத்து பேர் எழுந்து போனாலும் போகட்டும். மாத்திரையையும் சாப்பாட்டையும் தூக்கத்தையும், ராப்பகலாகப் பார்த்துக்கொள்கிறவளின் களைப்பையும் சேர்த்துச் சொல். உன் பேச்சை வேறு ஒருவர் வாயில் கொடுத்து அனுப்பினால், அவர் என்ன சொல்லப் போகிறார் என்று ஒரு முறை சொல்லச் சொல்லிக் கேள். அவர் உன் தகப்பனாகவே இருந்தாலும் கேள். வேண்டுமானால் இந்தக் கடிதத்தையே கூட்டத்தில் படி. என் பெயரைச் சொல்லிப் படி.

அன்று கிளினிக்கில் என்னைப் பார்த்தாயே, அந்தப் பார்வையில் கோபம் இல்லை. இருந்திருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். அப்பா அவமானப்படக் கூடாது என்று ஒரே நொடியில் முடிவு செய்துவிட்டாய். பெற்றவன் செய்ய வேண்டியதை நீ செய்தாய். இனிமேல் எனக்காக எதையும் தாங்காதே.

இந்தக் கடிதத்தை உன் பெட்டிக்கு மேலே வைத்துவிட்டு நான் கடையிலேயே இருப்பேன். படித்ததும் இறங்கி வந்து பேச வேண்டும் என்று இல்லை. பேசப் பிடிக்கவில்லை என்றால் அம்மாவிடம் சொல்லி அனுப்பு. திங்கட்கிழமை அரக்கோணத்தில் உன்னை ரயில் ஏற்றிவிட நான் வரலாமா, கூடாதா என்று மட்டும் சொல். கூடாது என்றால், வரமாட்டேன்.

உன் நைனா